மைக்கில் விழுந்த வீட்டுப் பேச்சு

பெயர் ஜெயம், வயது 27, கணவர் பெயர் சேரன், கூட்டேரிப்பட்டு அருகே நரிக்குறவர் குடியிருப்பு, தொழில் பாசிமணி வியாபாரம். விழுப்புரத்தில் நீதிமன்ற நடுவர் கேட்க, நான் தமிழில் கூறுவது:

என் தாய்மொழி வாக்ரி. வழக்கில் கண்ட சேரன் என் வீட்டுக்காரர். எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பில் வாக்ரி தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று அவர் திண்டிவனம் பேருந்து நிலையம் எதிரே ஆட்களைக் கூட்டி, மைக்கில் தமிழில் பேசினார். நான் மாசமாக இருக்கிறேன். கூட்டத்தின் ஓரமாக வெயிலில் நின்றேன். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்து எங்கள் மொழியில் கொஞ்சம் பேசினார். சற்று நேரத்தில் யாரோ ஒரு பேருந்தின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். யாரென்று நான் பார்க்கவில்லை. அந்த மொழியில் அவர் கல் எறியச் சொன்னார் என்று போலீசார் பிடித்துப் போனார்கள்.

மணி விற்கிற இடத்தில் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றபடி வீட்டுப் பேச்சைச் சத்தமாகவே பேசிக்கொள்வோம். சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாது, அதனால் வெட்கமும் கிடையாது. அந்தப் பழக்கத்தில் கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

அதன் பிறகு மனு போட்டு அவரைச் சிறையில் பார்த்தேன். எங்கள் மொழியில் பேசக்கூடாது என்று காவலர் சொன்னதால் தமிழிலேயே பேசினோம். மைக்கில் என்ன பேசினாய் என்று கேட்ட போலீசாரிடம், வாக்ரி தெரிந்த ஆளை அரசாங்கமே அழைத்து வந்து கேட்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு எங்கள் ஜனங்களும் வாய் திறக்கவில்லை. என்னிடம், "நீயும் சொல்லிடாத ஜெயம். சொல்ட்டா இவங்க வாக்ரி தெரிஞ்ச ஆளே வைக்க மாட்டாங்க" என்றார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் பிள்ளை பிறக்கும்போது அவர் என் பக்கத்தில் இருக்கவேண்டும். எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மைக்கில் அவர் சொன்னது, தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வெயில்ல நிக்காத. கால் வீங்கிக்கினு கீது. நெழல்ல குந்து, நான் மல்லாட்டை வாங்கியாறேன்." வேறு ஒரு வார்த்தையும் இல்லை. அந்த வேர்க்கடலையை அவர் வாங்கித் தரவில்லை, அதற்குள் பிடித்துவிட்டார்கள்.

இதை அவருக்குக் காட்டவேண்டாம் என்று கேட்டேன். நகல் கொடுப்பது சட்டம் என்று நடுவர் கூறினார். சரி, கொடுங்கள். என்மேல் கோபித்துக்கொண்டாவது வீட்டுக்கு வரட்டும்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) ஜெயம்