யானைச் சறுக்குமரம்

ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், கிள்ளான் பஸ்ஸில் என் முன் இருக்கையில், ஊரிலிருந்து புதிதாக வந்த ஓர் அம்மா, ஐந்து வயது மகளின் சிவந்த பாதங்களை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"கொதிக்கிற இரும்புச் சறுக்குல யாராவது வெறுங்காலோட ஏறுவாங்களாடி?"

"அது யானைம்மா. பிள்ளையார் மேல செருப்போட ஏறலாமா?"

"பிள்ளையாராம்! தும்பிக்கையில சறுக்கி விளையாடுறதுக்கு மட்டும் பரவாயில்லையா? இனிமே அந்தப் பார்க்குக்கே கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஆள் அது ஒண்ணுதாம்மா."

அம்மா ஈரத்துணியை மடித்து மகளின் பாதத்தில் மறுபடி வைத்தார்.

"வெயில் தாழப் போவோம். ஆனா செருப்பக் கழட்டக்கூடாது."

"சாமி கோவிச்சுக்குமே?"

"ஒரு கும்பிடு போட்டுட்டு ஏறு. ஒண்ணும் சொல்லாது."

கேட்டு வெகுநாள் கழித்து எழுதியது, 14 மார்ச் 1982.