பஞ்சுவுக்கு ஒரு கோட்டு

— இந்தக் குளிர்லயா? மொத்தமா வழிச்சா நாய் வெடவெடன்னு நடுங்கும், டெய்லர் அண்ணே. யாரு குடுத்தா உங்களுக்கு இந்த யோசனையை?

— சொன்னாங்க ஒருத்தங்க. நீ வழிச்சுடு தங்கச்சி.

— சொன்னவங்களை ஒருநாள் சட்டையில்லாம தெருவுல நிக்கச் சொல்லுங்க, அப்பத் தெரியும். நாய்க்கு முடி வெட்டறதுதான் எனக்குப் பொழப்பு, எனக்கே மனசு வரல பாருங்க. ரெண்டு மூணு தடவை கூட்டிட்டு வாங்க, மெல்ல மெல்லச் சிக்கெடுத்துத் தரேன். சரியா?

— அதெல்லாம் தாண்டிப்போச்சு. கையை விட்டுப் பாரு.

— வாடா பஞ்சு, மேசை மேல ஏறு. எங்க, காட்டு... அம்மாடி. என்னண்ணே இது? பேருதான் பஞ்சு, தொட்டா மிதியடி கணக்கா இருக்கு. விரலே உள்ள போகலையே.

— வயித்துப் பக்கம் இன்னும் மோசம். தொட்டா கத்தறான்.

— கத்தாம என்ன பண்ணுவான்? இவன் ஒவ்வொரு அடி எடுத்து வெக்கும்போதும் தோலைப் பிடிச்சு இழுக்குது பாருங்க. கக்கத்துல செவந்து புண்ணாவே ஆயிருச்சு. உள்ள ஈரம் வேற. எங்க போய் நனைஞ்சான்?

— பனியில. வாசக்கதவுகிட்டயே போய் உக்காந்துக்கறான். கூப்பிட்டாலும் உள்ள வர மாட்டேங்கறான்.

— அப்ப நீங்க சொன்னதுதான் சரி, வழிச்சுத்தான் ஆகணும். முடி உதிரி உதிரியா இருந்தாத்தான் குளிரைத் தாங்கும். இது ஈரத்தைக் குடிச்சுட்டு உடம்போட ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஈரப் போர்வையைச் சுத்திக்கிட்டுத் தூங்கினா நமக்கு எப்படி இருக்கும்? தலையைப் பிடிச்சுக்கங்க.

— பிடிச்சிருக்கேன். ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. கத்தரியா வெக்கப் போற?

— கத்தரி வெச்சா சிக்கோட தோலும் வந்துரும். மிஷின்தான். சத்தத்துக்கு பயப்படுவானா?

— என் தையல் மிஷினுக்குக் கீழ படுத்து வளர்ந்தவன். சத்தம் நின்னாத்தான் முழிச்சுப்பான்.

— கோவிச்சுக்காதீங்கண்ணே, கேட்டுடறேன். என் கம்பளிச் சட்டையில ஒரு நூலு சிக்கிக்கிச்சுன்னு கொண்டாந்தேனே, ஞாபகம் இருக்கா? அறுத்துடுங்கன்னேன். அறுக்கறது பாவம்னு சொல்லி, என்னை உக்கார வெச்சு, ஊசி முனையால பிரிச்சுக் குடுத்தீங்க. அந்தக் கைக்கு ஒரு சீப்பைப் பிடிக்க வலிச்சுதா?

— தப்பு என்மேலதான். அவன் என்ன பண்ணினான், பாவம்.

— அண்ணி கூட்டிட்டு வரும்போதெல்லாம் நகம் வெட்டறதோட சரி, முடியில எனக்கு வேலையே வெச்சதில்ல. இன்னும் மக வீட்டுலதான் இருக்காங்களா?

— பேத்தி பொறந்ததுக்குப் போனா. பேத்தி இப்ப ஓடறாளாம்.

— அடேயப்பா. அப்ப இத்தனை நாளும் ஒத்தையிலயா?

— பஞ்சு இருக்கான்ல.

— சாப்பாட்டுக்கு?

— ஒரு வயித்துக்கு என்ன பெரிய சமையல். ஆக்கினா மிஞ்சும். மிஞ்சினா இவனுக்கு. தட்டை எடுத்துக்கிட்டு இவன் பக்கத்துலயே கீழ உக்காந்துருவேன்.

— ஃபோனாவது பண்றாங்களா?

— ஆரம்பத்துல தினமும். எடுத்ததுமே "பஞ்சுவைக் காட்டுங்க"ன்னுவா. என்னைச் சாப்பிட்டீங்களான்னு கேக்கறது அதுக்கப்புறம்தான். அதனால மணி அடிக்கறதுக்கு முன்னாடியே உக்காந்து, காதுக்குப் பின்னாலகூட விடாம சீவி வெச்சிருப்பேன். மாப்பிள்ளை கணக்கா இருப்பான்.

— அப்போ சீவத் தெரியாமயெல்லாம் இல்ல. சரி, அப்புறம் என்ன வந்துச்சு?

— ஒருநாள் ரொம்ப நேரம் இவனையே பாத்துட்டு, "என்னைவிட நீங்க நல்லா வெச்சிருக்கீங்க, இனிமே எனக்கு அங்க என்ன கவலை"ன்னா.

— நல்ல வார்த்தைதானே.

— நல்ல வார்த்தைதான். அதுக்கப்புறம் ஃபோன் கொறஞ்சுபோச்சு.

— பச்சப்புள்ள இருக்கற வீடுண்ணே, கைக்கு ஓய்ச்சலே இருக்காது. இந்தப் பக்கம் திருப்புங்க... பாருங்க, உரிச்சு எடுத்த தோலாட்டம் ஒரே துண்டா வருது. தூக்கிப் பாருங்க.

— கனக்குதே.

— இத்தனையையும் சுமந்துக்கிட்டுத்தான் வாசல்ல உக்காந்திருக்கான். ஒரு வார்த்தை சொல்லல. வாயிருந்தா உங்களை நல்லா நாலு கேட்டிருப்பான்.

— கேக்கட்டும். யாராவது கேட்டா நல்லாத்தான் இருக்கும்.

— முடிஞ்சுதுடா ராசா. உள்ள இவ்வளவூண்டு ஆளுதானா நீ? புண்ணுக்கு மருந்து போட்டாச்சு. இப்படியே வெளிய கூட்டிட்டுப் போயிராதீங்கண்ணே, மேல ஏதாவது போடணும்.

— தெச்சே கொண்டாந்துட்டேன். அந்தப் பையில இருக்கு.

— டெய்லர்னா சும்மாவா. உள்ள லைனிங் வேற, கழுத்துக்குப் பித்தான் வேற. இருங்க, இந்தப் பச்சைத் துணியை எங்கயோ பாத்திருக்கேன். இது அண்ணியோட குளிர் கோட்டு இல்ல? இதைப் போட்டுக்கிட்டுத்தானே இவனைக் கூட்டிட்டு வருவாங்க?

— அதேதான்.

— ஏண்ணே, அதையா வெட்டினீங்க? நாளைக்கு வந்து கோட்டு எங்கன்னு கேட்டா?

— ஆணியில சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. இவனுக்கு அதோட வாசனை பிடிக்கும். உடம்புலயே இருந்தா கதவுகிட்ட போய்த் தேட மாட்டான்.

— இப்பப் பேசுங்க வக்கணையா. நான் சொல்றதைக் கேளுங்க, முடி வளர்ந்துரும். ரெண்டு விரக்கடை வந்ததும் தினமும் சீப்பு விழணும், சரியா? அண்ணி வந்து பாக்கும்போது பழைய பஞ்சுவா நிக்கணும். நல்லவேளை, இவன் இருந்த கோலத்தை அவங்க பாக்கல. பாத்திருந்தா போட்டது போட்டபடி அடுத்த வண்டியிலயே ஓடி வந்திருப்பாங்க.

— நானும் அப்படித்தான் நெனச்சேன் தங்கச்சி. சீப்பை எடுத்துப் பரண் மேல போட்டதே அதுக்குத்தான். போன வாரம் முழு உடம்பும் தெரியற மாதிரி படம் எடுத்து அனுப்பினேன். "கடையில குடுத்து வழிச்சுடுங்க"ன்னு பதில் வந்துச்சு.