தலையும் வாலும் சேர்ற இடம்

இல்ல சார், அந்த நோட்டும் உங்க பொண்ணோடதுதான், மத்த சாமானோட பெட்டியில போடுங்க. அவ வராம உங்கள அனுப்பினதே நல்லது. வந்திருந்தா ஒவ்வொருத்தர் மூஞ்சியா பார்க்கணும். எனக்கே அலுத்துப் போச்சு. இருபத்தாறு வருஷமா இந்த லேப்ல ஈயம் பத்தவைக்கிற சால்டரிங் அயர்ன வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

இதுவா? இதுதான் சார் அவ பண்ணின சென்சார். நாப்பது சின்ன போர்டு, மாலை மாதிரி கோத்து வட்டமா வச்சிருக்கு. டோபாலஜியாம், ஏதோ வடிவக் கணக்கு. எனக்கும் முதல்ல ஒரு எழவும் புரியல. அவதான் உட்கார வச்சுச் சொன்னா. அண்ணா, மாலை கசங்கினாலும் மாலைதானே, அதே மாதிரி நடுவுல எது முன்னப்பின்ன இருந்தாலும் இது கண்டுக்காது, ஆனா தலையும் வாலும் சேர்ற அந்த ஒரு இடத்துல விரலைக் கிட்ட கொண்டு போனாலே மீட்டர் எகிறிடும்னா.

எகிறுச்சு சார். போன வருஷம் ஒரு நாள், என் கண்ணால பார்த்தேன். குதிகுதின்னு குதிச்சா, லேப்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தா. அடுத்த வாரம் அவ ஆராய்ச்சிய சரிபார்க்கற கமிட்டிக்காரங்க வந்து நின்னாங்க. விரலை வைக்கறா, வைக்கறா, மீட்டர் அசையவே இல்ல. நம்பரை வீட்டுல உட்கார்ந்து எழுதினியாம்மான்னு டிபார்ட்மென்ட் ஹெட் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். நான் பார்த்தேன் சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரல.

எட்டு மாசம் கணக்கையும் மீட்டரையும் பிடிச்சு மல்லுக்கட்டினா, பாவம். கடைசியில, நான்தான் தப்பா பார்த்துட்டேன் போல அண்ணான்னுட்டு, எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டா.

வீட்டுல சாப்பிடறாளா? ம்... பேசறதே இல்லையா.

அந்தச் சேர்ற இடத்துல அவ வச்ச இணைப்பு முடி கனம்தான் சார் இருக்கும். கோணல்மாணலா, பழகாத கை. கமிட்டிக்கு முந்தின நாள் ஒரு ஸ்க்ரூ மாத்த மூடியத் திறந்தேன். பார்க்கச் சகிக்கல. என் கை சும்மா இருக்குமா? நல்லா ஈயம் வச்சு மொத்தமா மொழுகிட்டேன். அவகிட்டச் சொல்லல. அது மெலிசா இருந்ததாலதான் வேலை செஞ்சுதுன்னு அவளுக்கும் தெரியாது.

எனக்குக் கமிட்டி அன்னிக்கே சந்தேகம் சார். வேலை போயிடுமோன்னு பயம்.

இன்னிக்குக் காலையில ஈயத்தைச் சுரண்டிட்டு, அவ வச்ச மாதிரியே மெலிசா வச்சிருக்கேன். விரலைக் கிட்ட கொண்டு போங்க. தொட வேண்டாம்.

பார்த்தீங்களா?

திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுங்க சார். பெட்டியக் கீழ வைங்க, ஹெட் ரூம்லதான் இருக்கார்.