ஓலைக்கு மாறிய வீடு

– கூரை வீடுதான் மேடம். நல்லா எழுதிக்கோங்க. வேதாசலம், கூலி வேலை, கூரை வீடு.

– எழுதறேன் வேதாசலம் அண்ணே. ஓலை இவ்ளோ பச்சையா இருக்கே, எப்ப மேஞ்சீங்க?

– அது... வருஷா வருஷம் மாத்துவோம் மேடம்.

– செவுத்துல அடுப்புப் புகை கருகருன்னு படிஞ்சிருக்கு. ஓலையில ஒரு பொட்டு கூட இல்லியே?

– ஏன்யா, அந்தப் பொண்ணு கண்ணுல மண்ணத் தூவப் பாக்கற?

– நீ சும்மா இரு சுந்தரி. கம்பெனிக்கு லீவு வுட்டா வீட்ல வந்து வாயாடறதா?

– அக்கா, நான் ஹேமலதா. பிளாக் ஆபீஸ்ல வீடு கணக்கெடுக்க அனுப்பிச்சாங்க. சண்டைக்கு வரல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். பின்னாடி சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கே, அது இன்னா?

– வெறகு மேடம்.

– வெறகு இல்லம்மா, ஓடு! முந்தாநேத்து வரைக்கும் எங்க தலைக்கு மேல இருந்த ஓடு.

– எறக்கிட்டீங்களா! ஏன்க்கா?

– போன தபா வந்தவரு, ஓட்டு வீடு லிஸ்ட்ல வராது, கூரை வீட்டுக்குத்தான் கட்டித் தருவாங்கன்னு போய்ட்டாரு. ஒழுகுது சார்னேன். ஒழுகினாலும் ஓடு ஓடுதானேன்னாரு. நான் ஆம்பூர்ல நாளெல்லாம் ஷூ தெச்சிட்டு வந்தா, எம்பொண்ணு ரோஷினி பிளஸ் டூ புஸ்தகத்த மடியில வெச்சிக்கினு, மேல பிளாஸ்டிக் கவர் போட்டுக்கினு ஒக்காந்திருக்கும்.

– அதப் பாத்துட்டுத்தான் மேடம் எறக்கினேன். ரெண்டு நாள் வேலைக்குப் போவல. ஒண்ணொண்ணா எறக்கினேன். ஒரு ஓடு ஒடையல.

– அண்ணே... இந்த தபா கணக்கு கூரை வீட்டுக்கு இல்ல.

– இன்னா மேடம் சொல்றீங்க?

– அந்த லிஸ்ட் போன வருஷமே முடிஞ்சிடுச்சு. இப்ப ஒழுகற ஓட்டு வீட்டுக்குத்தான். ஓட்ட எடுத்துட்டு தளம் போட்டுத் தருவாங்க. போட்டோவுல ஓடு தெரியணும்.

– கூரை லிஸ்ட் மறுபடி எப்ப மேடம்?

– தெரியலண்ணே. ஆபீஸ்ல யாரும் சொல்லல.

– பாத்தியாம்மா, அப்டியே தரையில ஒக்காந்துட்டாரு. திட்டக் கூட மனசு வரல. நீ போ, உன் வேலையப் பாரு.

– அக்கா, இந்தத் தெருவுல இன்னும் எத்தன வீடு இருக்கு?

– பதினாலு இருக்கும். ஏம்மா?

– எல்லாத்தயும் முடிச்சிட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன். அண்ணே, எழுந்திருங்க, ஓட்டத் திரும்ப ஏத்த நாலு பேரக் கூப்புடுங்க. நான் இன்னும் உங்க வீட்டுக்கு வரவே இல்ல.