ஊட்டிக்குப் போகாத பிள்ளைகளின் தமிழாசிரியர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, வட்டார வினாத்தாள் குழுத் தலைவர் தாமோதரன் அவர்களே, மகனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராணியம்மாள் அவர்களே, உத்திரமேரூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, பிள்ளைகளே! வணக்கம். பெஞ்சமின் ஐயாவோடு ஒரே பள்ளியில் தமிழ் நடத்திய தேவகி பேசுகிறேன்.

போன வாரம் வரை என் பக்கத்து நாற்காலியில் இருந்தவரை 'மறைந்த' என்று சொல்ல நாக்கு வரவில்லை. அழுதுவிட்டுப் பேசலாம் என்றால் ஐயா திட்டுவார். அதனால் பேசிவிடுகிறேன்.

தமிழாசிரியர் பெஞ்சமின் யார்? கோடை விடுமுறை முழுக்கப் பெற்றோருடன் சூளையில் செங்கல் அறுத்த பிள்ளை. பள்ளி திறந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பையன் எங்கே போனான்? ஊட்டிக்குப் போனதாக எழுதினான். ஊட்டியில் கடலலை காலை நனைத்ததாகவும் எழுதினான்! கையெழுத்து அழகு, ஆசிரியர் கவனிக்கவில்லை. எல்லார் முன்னாலும் வாசிக்க வைத்துக் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது ராணியம்மாள் கேட்டார்: "அப்போ நாம கல்லு அறுத்ததுக்கு எவனும் கை தட்ட மாட்டானா நைனா?"

இதை எங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்! அவர் வகுப்பில் ஜூன் மாதத்து முதல் கட்டுரை எப்போதும் ஒன்றுதான்: விடுமுறையில் உங்கள் வீட்டில் யார் யார் என்ன வேலை செய்தீர்கள்?

திருப்புலிவனம் பக்கமிருந்து வரும் செங்கேணி, இந்த ஆண்டு வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, எழுதலியா?"

"நான் எங்கியும் போவல சார். அம்மா கரும்பு வெட்டப் போச்சு. நான் தம்பிய பாத்துக்கினு, சோறு ஆக்கிக்கினு வூட்லயே இருந்தேன்."

"அதாம்மா கட்டுரை. எழுது."

சோற்றைக் கொட்டிய தம்பியை அடித்துவிட்டு, அவனோடு சேர்ந்து தானும் அழுததாக எழுதினாள். படித்துவிட்டு நானும் அழுதேன்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. பொது வினாத்தாளில் மறுபடியும் சுற்றுலா! 'எங்கள் வீட்டில் யாரும் சுற்றுலா போனதில்லை' என்று தொடங்கி, செங்கேணி உள்ளதை எழுதினாள். விடைத்தாளை வேறு பள்ளியில் திருத்தினார்கள். மதிப்பெண்? சுழி. தலைப்பை விட்டு விலகிவிட்டாளாம்! அவள் படிப்பே வேண்டாமென்று நின்றுவிட்டாள். ஐயா அவள் வீட்டுக்கே போனார். "நீ எழுதுனது தப்பில்லம்மா, கேள்விதான் தப்பு. அத நான் மாத்துறேன், நீ வா" என்று வாக்குக் கொடுத்து அழைத்து வந்தார்.

தாமும் உறுப்பினராக இருந்த வினாத்தாள் குழுவில் வாதாடினார். "ஒரு கேள்விக்கு இவ்ளோ பேஜாரா சார்?" என்று சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்குள் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து செங்கேணியும் பள்ளிக்கு வரவில்லை. இதோ, கடைசி வரிசையில் அம்மாவோடு நிற்கிறாள்.

தாமோதரன் அவர்களே, மாலை போட்டீர்கள், மனதாரப் புகழ்ந்தீர்கள், நன்றி. வெள்ளிக்கிழமை ஆண்டுத் தேர்வு வினாத்தாள் கூட்டம். ஐயாவின் இடத்தில் நான் வந்து உட்காருவேன். வீட்டு வேலையையும் எழுதலாம் என்று ஒரு கேள்வி சேரும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

செங்கேணி, திங்கட்கிழமை பள்ளிக்கு வா. ஐயா உனக்குக் கொடுத்த வாக்கு இனி என் வாக்கு.