ஆரஞ்சுக்கு மேல அடிச்ச நீலம்

இல்லீங்க்கா, நீங்களே நாயத்தச் சொல்லுங்க… முப்பது பேரு உக்காந்திருக்கற மீட்டிங்ல, நான் படத்தப் போட்டு வாயத் தொறக்கறதுக்குள்ள ஒருத்தன் எந்திரிச்சு, "சுகுணா, இது வாலே இல்ல"ங்கறான்! கூடப் படிக்கறவன்தான், கவியரசன்னு பேரு. பேருதான் கவி. வாயத் தொறந்தா கேள்விதான் வரும்.

என்ன வாலா? அட, கொரங்கு வாலு இல்லீங்க்கா… கொஞ்சம் தள்ளிக்கறீங்களா, பஸ்ஸு திரும்பற ஒவ்வொரு வளைவுக்கும் உங்க மரவள்ளி மூட்டை என் கால்ல ஏறுது. ம்ம்… இஞ்சியில வாடல் வருதுல்லீங்க, பச்சையா நின்ன செடி பொசுக்குனு தொவண்டு போவுமே? அது பாக்டீரியா பண்ற வேலை. அந்தப் பாக்டீரியாவுக்கே நோவு குடுக்கற வைரஸ் ஒண்ணு இருக்குது, ஃபேஜும்பாங்க. மேல மலையில, குண்டனி நாட்டுல எங்க தோட்டத்து மண்ணுலருந்தே புடிச்சேன். அஞ்சு வருசமா அதுகூடத்தான் குடித்தனம்.

அதுக்கு ஒரு தல, ஒரு வாலு. வாலு நுனியிலதான் பாக்டீரியாவக் கவ்வும். எந்த ஜீன் அந்த நுனியச் செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் எந்த நோவுக்கு ஆகும்னு சொல்ல முடியும். அறுவது சொச்சம் ஜீனு. தெரிஞ்ச ஜீனுங்களோட டிஎன்ஏ எழுத்த ஒத்துப் பாத்தா, பாதிக்கு மேல "வேலை தெரியாதது"ன்னு வருது. காலேஜ் முடிச்சுட்டு ஊட்ல இருக்கற எங்கண்ணனாட்ட.

சரி, உருவத்தப் பாக்கலாம்னு இப்பக் கம்ப்யூட்டர் வந்திருக்குது. எழுத்தக் குடுத்தா, அந்த ஜீன் செய்யற புரதம் எப்படி மடங்கும்னு படம் போட்டுக் குடுத்துரும். நிச்சயமாச் சொல்ற எடத்துக்கு நீலம். "எனக்கே தெரியல தாயி"ங்கற எடத்துக்கு ஆரஞ்சு. நான் நாப்பத்தொண்ணாவது ஜீனுக்கு வாலு நுனின்னு பேரு வெச்சேன். அவன் என்னங்கறான்? "மூணு இழை சேந்து முறுக்குனாத்தான் அந்த நுனி நிக்கும், நீ ஒண்ணத் தனியாப் போட்டிருக்க. மூணாப் போடு. பக்கத்து ஜீனையும் போட்டுப் பாரு"ங்கறான்.

எங்க கைடு மேடம் அவனத்தான் புடிச்சுத் திட்டுனாங்க. "பொறாமையில பேசாத"ன்னு, எல்லாரு முன்னாலயும். நாங்க சேந்து எழுதற கட்டுரையிலருந்து அவன் பேரையும் எடுத்துட்டாங்க. நானா? நான்… தண்ணி பாட்டிலத் தொறந்து குடிச்சேன்.

ரெண்டு மாசமா எங்க லேபுப் பக்கமே வர்றதில்ல. வேற கட்டடத்துல போயி உக்காந்துக்கறான். உக்காரட்டும், எனக்கென்னங்க!

அவன் மூஞ்சியில கரியப் பூசோணும்னுதான் இந்த லீவுல மூணாப் போட்டேன். ஊட்ல சிக்னல் எங்க? மொளகுக் கொடி ஏறுன சில்வர் ஓக் மரத்தடியில நின்னு, போன்லயே அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்புனேன். பாப்பாத்தி சித்தி, புள்ள எவனையோ புடிச்சுட்டாள்னு ஊரெல்லாம் சொல்லிருச்சு. இன்னிக்குக் காலையில பதிலு வந்துச்சு. நாப்பத்தொண்ணு, மூணாப் போட்டும் ஆரஞ்சுதான். அவன் சொன்ன நாப்பத்திரண்டு… முழுசா நீலங்க்கா. மூணு இழையும் அப்படியே முறுக்கிக்கிட்டு, நுனியில மொட்டு வெடிச்சாப்ல. அழகுங்க, சனியன்.

மனசு உறுத்தறது பேரத் தப்பா வெச்சதுக்கு இல்லீங்க்கா… அத ஆரு வேணா வெப்பாங்க. அன்னிக்கு மீட்டிங்ல நான் போட்ட படம் நீலமா இருந்துச்சு. கம்ப்யூட்டர் குடுத்தது… ஆரஞ்சு. நாந்தான், பாக்க நல்லாருக்கட்டும்னு, மொத்தமா நீலத்த அடிச்சு உட்டேன். ரெண்டே அமுக்கு. மேடம் அந்த நீலத்தப் பாத்துத்தான் அவனத் திட்டுனாங்க.

அப்படிப் பாக்காதீங்க்கா. இருங்க, இப்பவே கூப்புடறேன்… கவியா? வெச்சுராத, சுகுணா பேசறேன். அந்தப் படம்… நீலம் நான் அடிச்சது… என்னது? அன்னிக்கேவா?… அப்பறம் ஏன்டா மேடத்துகிட்டச் சொல்லல?… ம்… ம்…

அக்கா, அன்னிக்கே அவனும் போட்டுப் பாத்தானாம். ஆரஞ்சுதான் வந்துச்சாம். நானாச் சொல்லுவேன்னு ரெண்டு மாசமாக் காத்துக்கிட்டு இருந்திருக்கான்.

இல்லீங்க, அழுவல. தூசி. பஸ்ஸ உட்டு எறங்குனதும் நேரா மேடம் ரூம்புக்குத்தான். என்னத் தொரத்துனாலுஞ் சரி, அவன் பேர மொதல்ல போட வெச்சுட்டுத்தான்… ஏனுங்க்கா, எந்திரிச்சுட்டீங்க? நீங்க எறங்கற காளப்பநாயக்கன்பட்டி இன்னும் வரலீங்களே… முன்னால சீட்டு காலியா? இருங்க இருங்க, நானும் வாரேன்.