கரகரக்காத மைக்

— என்னங்க, பள்ளித் தலைவர் பேச ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு! மைக் இன்னும் கரகரக்கவே இல்லையே?

— கரகரக்காதும்மா. ரீசார்ஜ் பேட்டரி போட்டிருக்கேன்.

— ஐயோ, அவர் மைக்குலயா? ஆண்டு விழான்னா சாகப்போற பழைய செல்லாத் தேடிப் பிடிச்சு அவருக்குன்னு எடுத்து வைப்பீங்களே!

— கட்டிலுக்கு அடியில வாளி நிறையச் செத்த செல் கிடக்குதுன்னு கத்தினது யாரு? இதைச் சார்ஜ் போட்டுப் போட்டு வருஷக்கணக்குல ஓட்டலாம். விஞ்ஞானம்மா, விஞ்ஞானம்!

— உங்க விஞ்ஞானத்துல தீயை வைக்க! மத்த மைக்குல எதை வேணாலும் போட்டுக்கோங்க, இவர் மைக்குலயா போடுவீங்க? நம்ம பொண்ணு பாட்டுதான் கடைசி. இப்பவே ஏழரை ஆச்சு, எட்டு மணிக்கு ஹாலைப் பூட்டிடுவாங்க. ஐஸ்கிரீமைக்கூடத் தொடாம தொண்டையைக் காப்பாத்திக்கிட்டு, திரைக்குப் பின்னால நிக்குது புள்ள.

— பொறும்மா. இதுவும் ஒரு நேரம் தீரத்தானே செய்யும்?

— எந்த நேரம்?

— அதான் சிக்கல். சாதா செல்லு கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், குரலும் கூடவே தேயும். இது கடைசி வரைக்கும் ஜம்முனு நின்னுட்டு, அப்புறம்தான் பொசுக்குனு போகும். எப்படியும் இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும்.

— அதுல பெருமை வேற! நீங்களாவது சத்தத்தைக் குறைங்களேன்.

— தலைமையாசிரியர் என் கையையேதான் பார்த்துக்கிட்டிருக்கார். செல்லு செத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் குறைச்சேன்னு தெரிஞ்சா, அடுத்த வருஷம் வேற மைக்செட்காரன்தான்.

— அப்போ ஒண்ணு பண்றேன். மேக்கப் ரூம்ல கடிகாரம் நொண்டிக்கிட்டுக் கிடக்கு. அதுல இருக்கிற செல்லைக் கழட்டிட்டு வரேன். இன்னொரு மைக்குல போட்டு, 'ஐயா, இதுல பேசுங்க'ன்னு பவ்யமா நீட்டிடுங்க.

— நல்லாக் கேக்குற மைக்கை எதுக்குய்யா மாத்துறேன்னு கேட்டா?

— கேக்கட்டும்! என்னத்தையாவது உளறுங்க. என் பொண்ணு இன்னிக்குப் பாடியாகணும்.

— இரு இரு. தலைவர் இந்தப் பக்கம்தான் கை காட்டுறார். போச்சு, தெரிஞ்சு போச்சு!

— மைக்செட்காரரே! மேடையிலேருந்தே கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. வருஷா வருஷம் நேரமாச்சுன்னா சத்தத்தைக் குறைச்சு நாசூக்காச் சொல்லிடுவீங்க, நானும் சட்டுனு முடிச்சுட்டு உட்காருவேன். இன்னிக்கு ஏன் குறைக்கவே மாட்டேங்கிறீங்க? பேசறதுக்கு விஷயமில்லாம நான் முழிக்க ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சுங்க!